தாய் பிழைத்தால் சேய் பிழைக்கும்

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்தத் தொற்று வருவதில்லை. எந்த மருந்தும் கொடுக்காமல் விட்டாலும்கூட 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத்தான் வைரஸ் தொற்றும். எத்தனை மாதம் தாய்ப்பால் குடித்தது என்பதைப் பொறுத்து இந்த எண்ணிக்கை பெரிதும் கூடும், குறையும். கர்ப்பத்தில் தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடி இடையில் நின்று சத்தையும் ஆக்ஸிஜனையும் கடத்திவிட்டு, வைரஸைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. அதிக ஆபத்து பிரசவ நேரத்தில்தான். கருப்பை சுருங்கி விரியும்போது தாயின் ரத்தம் நுண்ணிய அளவில் கசிந்து சேயைச் சேர்கிறது; வெளியே வரும் வழியிலுள்ள ரத்தமும் திரவங்களும் குழந்தையின் கண், வாய் வழியாக உள்ளே போகின்றன. அதற்குப் பின் வருவது தாய்ப்பால். ஒரு வேளைப் பாலில் உள்ள ஆபத்து மிகச் சிறியது. ஆனால் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை, மாதக்கணக்கில் குடிக்கிறது.

மூன்று வழிகளிலும் முடிவைத் தீர்மானிப்பது தாயின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதே. பிரான்ஸில் கருத்தரிக்கும் முன்பே கூட்டு மருந்து எடுக்கத் தொடங்கி, பிரசவத்தின்போது ஒரு மில்லி ரத்தத்தில் 50 பிரதிகளுக்கும் கீழே வைரஸைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த தாய்மார்களின் 2,651 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். 2015-ல் வெளியான அந்த முடிவில் ஒரு குழந்தைக்குக்கூடத் தொற்று இல்லை. அந்தக் குழந்தைகள் தாய்ப்பால் குடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

தொற்று வந்துவிட்டால் குழந்தைக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. பெரியவர் ஒருவர் சிகிச்சை இல்லாமலே எட்டு, பத்து ஆண்டுகள் நடமாடுவது சாதாரணம். குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலமோ அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. வைரஸைத் தொடக்கத்தில் அடக்கிவைக்கும் திறன் அதற்கு இல்லாததால், வைரஸ் அளவு உச்சத்துக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. ஆப்பிரிக்காவில் நடந்த பல ஆய்வுகளிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைத் திரட்டி 2004-ல் வெளியிட்டார்கள். மருந்து பரவலாக வராத காலம் அது. தொற்றுள்ள குழந்தைகளில் 35.2 சதவீதம் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்திருந்தனர்; இரண்டு வயதுக்குள் 52.5 சதவீதம். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளைத் தாக்கும் நியுமோசிஸ்டிஸ் என்னும் நுரையீரல் அழற்சி இதில் பெரும் பங்கு வகித்தது. பெரும்பாலான தாய்மார்களுக்கு, குழந்தை எதனால் இறந்தது என்பதே தெரிந்திருக்காது. சளி, காய்ச்சல், மூச்சுத் திணறல், அவ்வளவுதான்.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கும் உண்டு. தாய்க்குத் தொற்று இருந்தும் தமக்குத் தொற்று வராத குழந்தைகளில் 7.6 சதவீதம் இரண்டு வயதுக்குள் இறந்திருந்தனர். வைரஸிலிருந்து தப்பிய குழந்தைகள் இவர்கள். எச்.ஐ.வி. இல்லாத தாய்மாரின் குழந்தைகளோடு ஒப்பிட்டால், இத்தகைய குழந்தைகள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு என்று பிற்காலத் தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. எடை குறைந்து பிறப்பது, தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வரவேண்டிய எதிர்ப்பான்கள் குறைவாக வருவது, வீட்டில் காசநோய் இருப்பது என்று காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் காரணம் தாயின் சாவு. தாய் இறந்துபோன வீட்டில், தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தை பிழைப்பது கடினமாக இருந்தது.

இந்தியாவில் இதைத் துல்லியமாகக் காட்டியது புனே. அங்குள்ள பி.ஜே. அரசு மருத்துவக் கல்லூரியில் 2002 முதல் 2005 வரை எச்.ஐ.வி. தொற்றுள்ள எழுநூற்றுச் சொச்சம் தாய்மார்களைப் பிரசவத்துக்குப் பின் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 24 பேருக்குக் காசநோய் வந்தது. காசநோய் வந்த தாய் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.2 மடங்காகவும், அவருடைய குழந்தை இறக்கும் வாய்ப்பு 3.4 மடங்காகவும் இருந்தது. தாய்க்கு வந்த காசநோய், தாயைவிடக் குழந்தைக்கே பெரிய ஆபத்தாக முடிந்திருக்கிறது.

தாயைக் காத்தால்தான் சேயைக் காக்கலாம் என்பதை மருத்துவ உலகம் உணர்ந்து நடக்க இருபது ஆண்டுகள் பிடித்தன. 1994-ல் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் நடந்த ‘076’ ஆய்வு முதல் திருப்பம். கர்ப்பத்தில் சிடோவுடின் மாத்திரை, பிரசவத்தில் அதே மருந்து நரம்பு வழியாக, பிறகு குழந்தைக்கு ஆறு வாரம் என்று கொடுத்ததில், தொற்று 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாக இறங்கியது. ஏழை நாடுகளுக்கு அந்த முறை கட்டுப்படியாகவில்லை. 1999-ல் உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து எளிய வழி வந்தது: பிரசவ வலி தொடங்கும்போது தாய்க்கு 200 மில்லிகிராம் நெவிரப்பின் மாத்திரை ஒன்று, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஒரு வேளை சொட்டு மருந்து. குறைந்த காலம் கொடுத்த சிடோவுடினோடு ஒப்பிட்டபோது தொற்று பாதியாகக் குறைந்தது. மாத்திரையைத் தாயின் கையில் முன்கூட்டியே கொடுத்து அனுப்பிவிடலாம். வீட்டில் பிரசவமானாலும் பலன் உண்டு.

சென்னையில் 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்து பதினைந்து ஆண்டுகள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. தமிழ்நாடு உள்ளிட்ட தொற்று மிகுந்த மாநிலங்களின் மருத்துவக் கல்லூரிகளில் 2000-ல் முதலில் சிடோவுடினையும், அடுத்த ஆண்டு நெவிரப்பினையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, 2002-ல் தாய்–சேய் தொற்றுத் தடுப்பைத் தேசியத் திட்டமாக்கினார்கள்.

அந்த ஒற்றை மாத்திரை லட்சக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அதை விழுங்கிய பெண்ணுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்பதும் உண்மை. நெவிரப்பின் ரத்தத்தில் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் மெல்லிய அளவில் தங்கும். அடக்கவும் போதாத, அழிக்கவும் போதாத அந்த அளவில், மருந்தை எதிர்க்கும் வைரஸ் வகைகள் செழித்து வளரும். பின்னாளில் அந்தத் தாய்க்கே உண்மையான சிகிச்சை தேவைப்படும்போது நெவிரப்பின் அடங்கிய கூட்டு மருந்து வேலை செய்யாமல் போகும். குழந்தையைக் காக்க ஒரு மாத்திரை. தாய்க்கு ‘போய் வா’. அன்றைய கொள்கையை இப்படிச் சொன்னால் அது மிகையல்ல. 2004 ஏப்ரல் 1-ல் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையை எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியபோதும் (தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றில் ஒன்று), நோய் எதிர்ப்பு அணுக்கள் வெகுவாகக் குறைந்தவர்களுக்கே மருந்து கிடைத்தது. பார்வைக்கு நலமாக இருந்த கர்ப்பிணிகள் அந்த வரிசையில் வரவில்லை.

2011-ல் மலாவி என்ற சிறிய ஆப்பிரிக்க நாடு வேறு முடிவெடுத்தது. நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணிப் பார்க்கும் கருவிகள் போதிய அளவில் இல்லாத நாடு அது. ஆகவே எண்ணிக்கை எதுவானாலும் சரி, தொற்றுள்ள கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் அன்றே மருந்தைத் தொடங்கி, ஆயுள் முழுதும் தொடர்வது என்று தீர்மானித்தார்கள். வசதிக் குறைவால் பிறந்த இந்த முறையை 2013-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இந்தியா 2014 ஜனவரியிலிருந்து பின்பற்றுகிறது. தாய்க்குச் சிகிச்சை தருவதும் சேய்க்குத் தொற்றைத் தடுப்பதும் அன்று முதல் ஒரே மாத்திரையின் வேலையாயின.

நேரம் கடந்து வரும் தொற்று எப்படிக் கையாளப்படுகிறது என்பதை 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நடந்த கொடுமை காட்டியது. அங்குள்ள அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. புதிதாகத் தொற்றியவரின் உடலில் முதல் சில வாரங்களில் வைரஸ் அளவு லட்சங்களைத் தாண்டும். பிரசவத்துக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், கருவிலிருக்கும் குழந்தைக்கு இதைவிட மோசமான நேரம் வேறில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தாய்க்கு உடனே கூட்டு மருந்து தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. பின்னர் வந்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. தாய்க்கு இழைக்கப்பட்ட தீங்கு வாழ்நாள் முழுதும் தொடர்வது. அந்தச் சில வாரங்களில் மருந்து செய்த வேலை குழந்தையின் வாழ்வை மாற்றியது.

கேரளத்தின் தென்கோடியில் விழிஞ்ஞம் போன்ற ஒரு கடற்கரையில் இந்த ஏற்பாடுகளெல்லாம் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்பது பயனுள்ளது. நாட்டிலேயே சிசு மரணம் மிகக் குறைந்த மாநிலங்களில் கேரளம் ஒன்று. 2023-ன் கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்கு 5. நாட்டின் சராசரி 25. பெரியவர்களிடையே எச்.ஐ.வி. தொற்றும் 0.1 சதவீதத்துக்குக் கீழே. பரிசோதனை மையங்களுக்குத் தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’ என்று பெயரிட்டதுபோல இங்கே ‘ஜோதிஸ்’ என்றும், கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களுக்கு ‘உஷஸ்’ என்றும் பெயர். விழிஞ்ஞத்துப் பெண்ணுக்குச் சிகிச்சை வேண்டுமென்றால் திருவனந்தபுரம் நகரத்தின் மறுகோடியில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழந்தைக்கு அதன் வளாகத்திலேயே எஸ்.ஏ.டி. என்று எல்லோரும் அழைக்கும் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை இருக்கிறது.

ஆனால் மாநிலத்தின் சராசரி கடற்கரைக்கு அப்படியே பொருந்தாது. கேரளத்தின் வளர்ச்சிக் கதையில் மீனவச் சமூகம் விடுபட்டுப்போனதைப் பொருளியலாளர் ஜான் குரியன் 1990-களிலேயே எழுதினார். விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. குடிநீர்த் தட்டுப்பாடு பழைய குறை. தென்மேற்குப் பருவமழையின்போது இந்தக் கரையில் படகு ஒதுங்கத் தோதான இடம் விழிஞ்ஞம்தான் என்பதால் பக்கத்து ஊர் மீனவர்களும் இங்கே வந்து குவிகிறார்கள். 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய சரக்குத் துறைமுகம் வேற்று மாநிலத் தொழிலாளர்களையும் கொண்டுவந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், தொற்றுள்ள தாய் குழந்தைக்கு எந்தப் பால் கொடுப்பது என்ற கேள்விக்கு மருத்துவம் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது.

தாய்ப்பாலில் வைரஸ் இருக்கிறதென்றால் புட்டிப்பால் கொடுத்துவிடலாமே என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பணக்கார நாடுகளில் அதுதான் நடந்தது. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா அரசும் தொற்றுள்ள தாய்மார்களுக்கு இலவசமாகப் பால்மாவு கொடுத்தது. 2006-ன் தொடக்கத்தில் அங்கே பெருமழை பெய்து தண்ணீர் மாசடைந்தபோது வயிற்றுப்போக்கு பரவியது. மருத்துவமனைகளில் வந்து குவிந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தாய்ப்பால் குடிக்காதவர்கள். எச்.ஐ.வி.யிலிருந்து காப்பாற்றப்பட்ட குழந்தைகள் தண்ணீரால் இறந்தார்கள். பால்மாவுக்கு ஒவ்வொரு வேளையும் கொதித்து ஆறிய நீர் வேண்டும், கழுவிய புட்டி வேண்டும், எரிபொருள் வேண்டும், இரவில் எழுந்து செய்ய ஆள் வேண்டும். குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துப் புழங்கும் வீட்டில் இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சிக்கல். இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களும் பால் கொடுக்கும் தெருவில் ஒருத்தி மட்டும் கொடுக்கவில்லையென்றால், ஏன் என்ற கேள்வி மாமியாரிடமிருந்து தொடங்கும்.

இரண்டையும் கலந்து கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பது 1999-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வந்த முடிவு. மூன்று மாதத்தில், தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளில் 14.6 சதவீதத்துக்குத் தொற்று இருந்தது; தாய்ப்பாலோடு வேறு உணவும் நீரும் கலந்து கொடுக்கப்பட்டவர்களில் 24.1 சதவீதத்துக்கு. வெளி உணவு பச்சைக் குழந்தையின் குடல் சுவரைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழி திறந்துவிடுகிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தென் தமிழ்நாட்டில் பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கும் ‘சேனை’யும், கேரளத்தில் தேனில் பொன்னையும் வயம்பையும் உரைத்து நாவில் தடவும் வழக்கமும் இந்த இடத்தில் வெறும் சடங்காக இருப்பதில்லை. தாய்க்குத் தொற்று இருப்பதை வீட்டில் யாரிடமும் சொல்லாத நிலையில், பாட்டியின் விரலைத் தடுக்கக் காரணம் சொல்வதும் எளிதல்ல.

கூட்டு மருந்து வந்தபின் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்தது. இந்தியாவும் ஆறு ஆப்பிரிக்க நாடுகளும் பங்கேற்ற ‘பிராமிஸ்’ ஆய்வில், தாய் மருந்து எடுத்துக்கொண்டு பால் கொடுத்தபோது ஆறு மாதத்தில் 0.3 சதவீதக் குழந்தைகளுக்கே தொற்று வந்தது. இரண்டு வயதில் தொற்றில்லாமல் உயிரோடிருந்த குழந்தைகள் 97 சதவீதத்துக்கு மேல். தாய்க்கு மருந்து தராமல் குழந்தைக்கு மட்டும் தினமும் நெவிரப்பின் கொடுத்த பிரிவிலும் முடிவு ஏறத்தாழ இதுவே. ஆகவே இந்தியாவின் வழிகாட்டுதல், தாய் மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கவும், பிறகு இணை உணவோடு ஒரு வயதுவரை தொடரவும் சொல்கிறது. குழந்தைக்கே தொற்று உறுதியாகிவிட்டால் இரண்டு வயதுவரை கொடுக்கலாம்.

குழந்தைக்கான மருந்து பிறந்த உடனே தொடங்குகிறது. நெவிரப்பின் சிரப் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள குழந்தைக்கு நாளைக்கு ஒன்றரை மில்லி, இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடைப்பட்ட எடைக்கு ஒரு மில்லி, ஆறு வாரம். தாய் மருந்தைத் தாமதமாகத் தொடங்கியிருந்தால் பன்னிரண்டு வாரம். ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விடுவார்கள். ஆறாவது வாரத்தில் கோட்ரைமாக்சசோல் சேர்கிறது. நியுமோசிஸ்டிஸ் அழற்சியைத் தடுக்கும் மிகப் பழைய, மிக மலிவான மருந்து இது. தொற்றுள்ள குழந்தைகளின் சாவை இந்த ஒரு மருந்தே 43 சதவீதம் குறைத்ததை ஸாம்பியாவில் 2004-ல் கண்டார்கள்.

தொற்று வந்ததா என்று தெரிந்துகொள்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரணப் பரிசோதனை, வைரஸைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பான்களைத் தேடுகிறது. தாயின் எதிர்ப்பான்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் 18 மாதம்வரைகூடத் தங்கும். அதனால் தொற்றில்லாத குழந்தைக்கும் ‘பாசிட்டிவ்’ என்றே வரும். இந்தியாவில் 2010-க்கு முன் பெற்றோர் ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. தொற்றுள்ள குழந்தைகளில் பலர் அந்தக் காத்திருப்புக்குள்ளேயே இறந்துபோனார்கள். இப்போது ஆறாவது வாரத்தில், தடுப்பூசிகள் போட வரும்போதே, குழந்தையின் குதிகாலில் குத்தி, தடித்த வடிதாள் அட்டையில் அச்சிட்டிருக்கும் வட்டங்களை ரத்தச் சொட்டுகளால் நிரப்புகிறார்கள். நிழலில் உலர்த்திய அட்டை குளிர்சாதனம் எதுவும் தேவையில்லாமல் ஆய்வகத்துக்குப் பயணப்படும். அங்கே பி.சி.ஆர். முறையில் வைரஸின் மரபணுவையே தேடுவார்கள். ஆறாவது, பன்னிரண்டாவது மாதங்களில் திரும்பவும் பார்த்து, 18-வது மாதத்தில் எதிர்ப்பான் பரிசோதனையால் முடிவை உறுதி செய்வார்கள்.

விரைந்து கண்டறிவதன் அருமை 2008-ல் தென்னாப்பிரிக்காவில் எண்ணிக்கையாக வெளிப்பட்டது. பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளில் 4 சதவீதம் இறந்தனர். நோய் முற்றும்வரை காத்திருந்து தொடங்கியவர்களில் 16 சதவீதம். மருந்துகள்தான் நெடுநாள் குழந்தைகளுக்கேற்றவையாக இல்லை. 2006 நவம்பரில் இந்தியா குழந்தைகளுக்கான சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கும் முன்புவரை பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுத்தவர்கள் உண்டு. லோபினவிர் கலந்த சிரப்பில் 42 சதவீதம் ஆல்கஹால், கசப்பு தாங்காமல் குழந்தைகள் துப்பிவிடும், குளிர்ப்பெட்டியும் வேண்டும். தண்ணீரில் கரையும், ஸ்ட்ராபெர்ரி சுவையூட்டிய 10 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் மாத்திரை 2020-க்குப் பிறகுதான் வந்தது. அதை மலிவாகத் தயாரிக்கும் நிறுவனங்களில் மும்பையின் மக்லியாட்ஸும் ஒன்று. இருந்தும் 2023-ல் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழும் சுமார் 14 லட்சம் குழந்தைகளில் 57 சதவீதத்துக்கே சிகிச்சை கிடைத்தது. பெரியவர்களில் 77 சதவீதத்துக்கு.

அதே ஆண்டு புதிதாகத் தொற்று பெற்ற குழந்தைகள் சுமார் 1,20,000. மருந்து தோற்றதால் இவர்களுக்குத் தொற்று வந்ததென்பது குறைவு. தாய் பரிசோதிக்கப்படவில்லை, அல்லது மருந்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தினார், அல்லது கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் ‘நெகட்டிவ்’ என்று வந்த பிறகு, கணவரிடமிருந்து புதிதாகத் தொற்று பெற்றார். கடைசிப் பிரிவினரை ஒரே ஒரு பரிசோதனையால் ஒருபோதும் பிடிக்க முடியாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் பால் கொடுக்கும் காலத்திலும் திரும்பச் சோதிப்பதும், கணவரையும் அழைத்து வருவதுமே வழி. மாதக்கணக்கில் தொலைதூரத் துறைமுகங்களில் தொழில் பார்க்கும் ஆண்கள் உள்ள ஊரில் அந்த இரண்டாவது வேலை கடினமானது. கேரளத்துக்கு இன்னொரு தனிச் சிக்கல்: பிரசவங்களில் பாதிக்கு மேல் தனியார் மருத்துவமனைகளில் நடக்கின்றன. தொற்று அரிதாக இருப்பதால் அங்குள்ள மருத்துவர் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இத்தகைய தாயைச் சந்திப்பார். நாள் தவறாமல் செய்ய வேண்டிய வரிசையை அதற்குள் மறந்திருப்பார்.

பயமும் ஒரு காரணம். 2003-ல் கொல்லம் மாவட்டத்தில், பெற்றோரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த, பிறவியிலேயே தொற்று பெற்ற உடன்பிறந்த குழந்தைகள் இருவரைப் பள்ளியில் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது நாடு முழுதும் செய்தியானது. அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் கேரளம் வந்து அந்தக் குழந்தைகளை அணைத்துக்கொண்டார். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. சட்டம் இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஒருவருடைய தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதையும் தடை செய்கிறது. உள்ளூர் மையத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி, பேருந்தேறி வேற்றூர் மையத்துக்குப் போய் மருந்து வாங்கும் தாய்மார்களுக்கு, சட்டத்தைவிட அந்தப் பயணச் செலவே முதலில் நினைவுக்கு வரும்.

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்ற முதல் நாடு கியூபா, 2015-ல். தாய்லாந்து அடுத்த ஆண்டு பெற்றது. இலங்கை 2019-ல் பெற்றது. சான்றுக்கான வரம்புகள் கறாரானவை: கர்ப்பிணிகளில் குறைந்தது 95 சதவீதத்தினர் மருத்துவக் கண்காணிப்புக்கு வந்திருக்க வேண்டும், பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும், தொற்றுள்ளவர்களில் 95 சதவீதத்தினருக்குச் சிகிச்சை கிடைத்திருக்க வேண்டும், தாய்ப்பால் கொடுக்கும் நாடென்றால் குழந்தைக்குத் தொற்றும் விகிதம் 5 சதவீதத்துக்கும், கொடுக்காத நாடென்றால் 2 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். இலங்கையில் பிரசவங்களில் ஏறத்தாழ எல்லாமே அரசு மருத்துவமனைகளில் நடக்கின்றன, குடும்ப நல மாது வீட்டுக்கே வருகிறார். ஆண்டுக்கு மூன்று கோடியை நெருங்கும் கர்ப்பங்களையும் பெரும் தனியார் துறையையும் வைத்திருக்கும் இந்தியா இன்னும் அந்தச் சான்றைப் பெறவில்லை.